மடித்துத் தைத்த உயரம்

பிளேடைப் பாதியாக உடைத்தாயிற்று, பாவாடையை மடியில் விரித்தாயிற்று, இனிப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி, கை மட்டும் அசையமாட்டேன் என்கிறது. பட்டு. அக்கா தைத்தது. மாம்பழம் அழுகுறதுக்கு முந்தின நாள் கலரு என்று அக்கா சொல்லுவாள் இந்த நிறத்தை, ஆரஞ்சும் இல்லை சிவப்பும் இல்லை, தறி வீட்டில் கழித்துப்போட்ட துண்டுப் பட்டு, கேட்டு வாங்கி வந்தாள். ஒரு டக்கைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. பெண்பிள்ளைகளின் பாவாடையில் அடிப்பக்கம் துணியை மடித்து மடித்துத் தைத்து வைப்பார்களே, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாய்ப் பிரித்துவிட, அந்த மடிப்பு. கனிக்குப் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வேறு எதுவும் போட்டுக்கொள்ளமாட்டேன், அம்மா தைத்ததைத்தான் போட்டுக்கொண்டு போவேன் என்று காலையில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். கனி என் அக்கா குமுதாவின் மகள். அக்கா போய் ஒன்றரை வருஷம். ஏழுமலை மாமா, அக்காவின் வீட்டுக்காரர், லாரி ஓட்டுகிறவர், அழுகிற பிள்ளையையும் பஞ்சரான டயரையும் ஒரே மாதிரிப் பார்க்கிறவர், இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், "வேடி, ஒரு டக்கப் பிரிச்சு வுட்ரா, எறங்கிரும்" என்று சொல்லிவிட்டு ஆட்டோ பேசப் போய்விட்டார். செங்கல்பட்டில் கம்பெனி வண்டி ஓட்டப் போகிறார், வீடும் பார்த்தாயிற்று, ஆவணியில் கட்டிக்கொண்டு வந்த சரளாவும் கனியும் அவரோடு. நான் இங்கேயே, ஆரணியில், அரிசி மண்டியில். இதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தால் பழகிவிடும் என்று நினைத்தேன். மூட்டை அடுக்குகிறபோது அப்படித்தான், முதல் மூட்டைதான் கனக்கும், பிறகு தோள் மரத்துவிடும். இது மரக்கவில்லை. நான் இங்கேயே. அவர்கள் அங்கே. மறுபடி முதல் மூட்டை.

பின்கட்டில் தண்ணீர் மொள்ளும் சத்தம். சரளா கனிக்குத் தலைக்கு ஊற்றுகிறார். முறைப்படி அவரையும் நான் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும், மாமாவைக் கட்டியவர் அக்கா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது, ஆனால் அந்தச் சொல் வாய் வரைக்கும் வருகிறது, செருப்பை வெளியே விட்டுவிட்டு வாசலிலேயே நிற்கிற விருந்தாளி மாதிரி நிற்கிறது, உள்ளே வா என்று சொல்ல ஆளில்லை. "ஏங்க" என்கிறேன், "இந்தாங்க" என்கிறேன், சில நேரம் தொண்டையைச் செருமுகிறேன். அவர் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், வந்த முதல் நாளே கூப்பிட்டுவிட்டார், அவருக்கு அது எப்படி வந்தது. அக்கா என்னை ஒருநாளும் தம்பி என்றதில்லை, வேடி, வேடிப்பயலே, கோபம் என்றால் முழுசாக வேடியப்பா. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள், வளர்த்தாள் என்றால் என் பேண்ட்டையும் சேர்த்துத்தான், பேண்ட்டின் அடியில் துணி விட்டுத் தைத்திருப்பாள், வருஷா வருஷம் இறக்கிவிடுவாள், இறக்கிய இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு பட்டையாகத் தெரியும், பையன்கள் சிரிப்பார்கள், நான் வந்து அழுவேன், "அழுவாத, நீ எவ்வளவு வளந்தன்னு அவனுங்களுக்குக் கோடு போட்டுக் காட்டியிருக்கேன், அவனுங்களால காட்ட முடியுமா?" என்பாள். மறுநாள் நான் அதையே சொல்லி அடி வாங்கினேன். அந்தப் பட்டையை இப்போது எங்கள் தெருவில் எங்கே திரும்பினாலும் பார்க்கிறேன். அக்கா தெருப்பிள்ளைகளுக்கெல்லாம் ஸ்கூல் பாவாடை தைத்துக் கொடுத்தவள், இரண்டு டக்குக்குக் கூலி வாங்கினால் நாலு வைப்பாள், உள்ளே ஒரு ரகசியப் பை வைப்பாள், பையின் அடியில் வெட்டுத்துணியில் ஒரு மீனோ கிளியோ ஒட்டுத்தையல் போட்டு வைப்பாள். யாருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளை கையை விட்டுத் தடவும்போது அதன் விரலுக்கு மட்டும் தெரியும். எதுக்குக்கா, யாரும் பாக்கப் போறதில்லையே என்றேன் ஒருநாள். பரீட்சை ஹால்ல பயந்துக்கினு உக்காந்திருக்கும்போது தொட்டுக்க எதுனா வேணுமில்ல, என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலே. இப்போதும் காலையில் மண்டிக்குப் போகிறபோது எதிரே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன், வெளுத்த பாவாடை, அடியில் பளிச்சென்று ஒரு பட்டை, போன மாசம் இருந்திருக்காது, யாரோ பிரித்துவிட்டிருக்கிறார்கள். செத்தவள் தைத்தது எதுவும் இப்போது புதிதாகச் சேர்வதில்லை, பிரிந்துகொண்டுதான் இருக்கிறது, பிரியப் பிரியத்தான் அந்தப் பிள்ளைகள் நெட்டையாகிறார்கள். இப்படி யோசித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு கடைசி டக்கு ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு பாவாடைக்கும் ஒரு கடைசி டக்கு உண்டு.

"கண்ண இறுக்கி மூடிக்க, சீக்கா எரியும்." சரளாவின் குரல். "மூடிக்கினுதான் இருக்கேன்." கனி. "மூடிக்கினு இருந்தா என் மூஞ்சிய எப்பிடிப் பாக்கற?" "ஒரு கண்ணு." சரளா சிரிக்கிறார், கனி சிரிக்கவில்லை. தண்ணீர். பிறகு கனி சொல்கிறாள், "எங்கம்மா இப்பிடித் தேய்க்க மாட்டாங்க." நான் பிளேடைக் கீழே வைத்துவிட்டேன். எனக்கே ஒரு மாதிரிச் சந்தோஷம், அசிங்கமான சந்தோஷம், சொல்லுடி கனி, சொல்லு, எங்கம்மா இப்படிச் செய்யமாட்டாங்க, அப்படித்தான் செய்வாங்க, நிறையச் சொல்லு. சரளா கையை நிறுத்தியிருக்க வேண்டும், சத்தம் நின்றது. "எப்பிடித் தேய்ப்பாங்க, சொல்லு, அதே மாதிரித் தேய்க்கறேன்." அவர் குத்தலாகக் கேட்கவில்லை, கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. எனக்குத் தெரியும், அக்கா விரல் நுனியால் தேய்க்கமாட்டாள், உள்ளங்கையை வைத்து வட்டமாக, ஆட்டுக்கல்லில் குழவியைச் சுற்றுகிற மாதிரி சுற்றுவாள், என் தலையே ஆட்டுக்கல்லாக இருந்த தலைதான், எழுந்து போய்ச் சொல்லலாம், சொல்ல வேண்டியது நானில்லை. கனி சொல்ல வேண்டும். ஒரு காக்கா கத்தி முடித்தது. "தெரியல" என்றாள். அவ்வளவுதான். தெரியல. பல்லு ஆடுது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். சரளா "சரி" என்றார், தண்ணீர் மறுபடி விழுந்தது, அந்தச் சத்தத்தில் அவள் அழுதாளா என்று தெரியவில்லை, அழுதிருக்கமாட்டாள், மறந்துபோனதற்கு யாராவது அழுவார்களா, மறந்துபோனது இன்னதென்று தெரிந்தால்தானே அழ முடியும். இங்கே இருக்கிறவரைக்கும் சுவரைக் காட்டிச் சொல்லலாம், அம்மா இங்கதான் மெஷின் போட்டிருந்தாங்க, இந்த எண்ணெய்க்கறை அம்மா தலை சாய்ச்ச இடம். செங்கல்பட்டில் எந்தச் சுவரைக் காட்டுவார்கள். அங்கே அம்மாவாக இருக்கப் போவது இந்தப் பாவாடை ஒன்றுதான், இன்னும் இரண்டு மூன்று வருஷம், மேலே இருக்கிற டக்குகள் பிரிகிறவரைக்கும். யார் பிரிப்பார்கள். பாவாடை சின்னதாயிடுச்சு என்று பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டால். தலைகாணி உறையாகிவிட்டால். சின்ன வயசில் என் தாத்தா சொன்ன கதைகளில் செத்துப்போன அம்மா கொல்லையில் ஒரு மாதுளைச் செடியாக முளைப்பாள், சித்தி சோறு போடாத அன்றைக்குப் பிள்ளையின் மடியில் பழம் உதிர்ப்பாள், சித்தி செடியை வெட்டுவாள், வேர் வேறிடத்தில் துளிர்க்கும். "ம்" கொட்டினால்தான் தாத்தா மேலே சொல்லுவார். நானும் கனிக்கு அதையே சொல்லித்தான் தூங்க வைத்தேன் இத்தனை நாளும், அவள் "ம்" நின்றால் தூங்கிவிட்டாள் என்று அர்த்தம். ஆவணியிலிருந்து அந்தக் கதையை விட்டுவிட்டேன். சித்தி வருகிற கதையை எப்படிச் சொல்லுவது, சித்தி அடுத்த அறையில் பிள்ளையின் உள்பாவாடையை மடித்துக்கொண்டிருக்கும்போது. அதுவும் அவ்வளவு ஒழுங்காக, மூலைக்கு மூலை சேர்த்து. கெட்டவராக இருந்திருக்கலாம். ரொம்பச் சுலபமாக இருந்திருக்கும்.

பிளேடை எடுத்தேன். கீழ் மடிப்பின் இடது முனையில் ஒரு தையலை அறுத்தேன், இன்னொன்று, இன்னொன்று, பிரியவில்லை, அறுத்த இடத்துக்கு அடுத்த தையல் முன்னைவிட இறுகிக்கொள்கிறது. மெஷின் தையல் இல்லை இது, கைத்தையல், சங்கிலி சங்கிலியாக. நூலும் பட்டுநூல் இல்லை. வெள்ளை நூல், ஒற்றை இழை, பட்டுக்குப் பொருந்தாத முரட்டு வெள்ளை, எந்தத் தையற்காரியாவது இந்த நிறத்துக்கு வெள்ளை நூல் போடுவாளா, அக்கா போடுவாளா, நிறம் பொருந்தாவிட்டால் தைத்ததையே பிரித்து மறுபடி தைக்கிறவள். இந்த நூலை எனக்குத் தெரியும். எங்கேயோ தினமும் பார்க்கிற நூல். ஆஸ்பத்திரிக் கட்டில், ஜன்னல் ஓரம், அக்காவின் தலையில் துண்டு, முடி கொட்டிப்போன பிறகு அவள் துண்டை எடுப்பதில்லை, "வேடி, மண்டிலேர்ந்து மூட்ட தெக்கற நூலு கொஞ்சம் எடுத்துக்கினு வா." பூக் கட்டவா என்றேன். "ஆமா, தலை நெறைய முடி பாரு, பூ வெக்கறதுக்கு" என்றாள், சிரித்தாள், அந்தச் சிரிப்பில் என் கேள்வி எங்கேயோ போய்விட்டது. கொண்டுபோய்க் கொடுத்தேன். முறுக்கைப் பிரித்து இழை இழையாகப் பல்லால் கவ்விப் பிரித்துக்கொண்டிருந்தாள். பொழுதுபோகாமல் செய்கிறாள் என்று நினைத்தேன். மாமாவும் அப்படித்தான் நினைத்தார். மூட்டை தைக்கிற நூல், மூட்டை தைக்கிற தையல். மண்டியில் எனக்கு அதுதானே வேலை, மூட்டை வாயைப் பிரிப்பது, இந்தப் பக்கத்திலிருந்து அறுத்தால் ஒரு மணி நேரம் ஆனாலும் பிரியாது, அந்தப் பக்கத்து நுனியைப் பிடித்து ஒரே இழு, சர்ரென்று ஓடி மொத்த வாயும் திறந்து அரிசி தெரியும். புதிதாக வருகிற ஆட்கள் தப்பான பக்கத்தில் கத்தியை வைத்து நோண்டிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் சிரிப்போம். பாவாடையைத் திருப்பினேன். வலது முனை, மடிப்புக்கு உள்ளே, பார்க்க முடியாத இடத்தில் ஒரு சுருக்கு முடிச்சு, முடிச்சுக்கு வெளியே விரலால் பிடிக்கிற நீளத்துக்கு விட்ட நுனி. ஊசி பிடிக்கத் தெரியாத கை, பிளேடை வைத்தால் பட்டைக் கிழிக்கிற கை, இந்த வீட்டில் மிச்சமிருக்கப் போவது அப்படி இரண்டு ஆம்பிளைகளின் கைதான் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே. சரியாயிடும்க்கா, பொங்கலுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேனே, அதற்கு "ம்" கொட்டிக்கொண்டே இதைத்தான் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். முடிச்சைத் தளர்த்தினேன். இழுத்தேன். சர்ர்ரென்று ஓடியது. ஒரு தடங்கல் இல்லை, ஒரு சிக்கல் இல்லை, பாவாடை முழுக்கச் சுற்றி வந்து என் கையில் நெளி நெளியாக நூல், மடியில் ஒரு சாண் பட்டு இறங்கிக் கிடந்தது, வெளிச்சம் படாத பட்டு, அழுகாத மாம்பழம். அந்தச் சத்தம். அக்கா பேசியது போல இருந்தது என்று சொன்னால் பொய், பேசவில்லை, ஆனால் அடுத்த அறையில் அவள் துணி கிழிக்கிறபோது வருகிற சத்தத்துக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது.

இன்னும் கேட்க வேண்டும் போலிருந்தது. மேலே இன்னும் இரண்டு மடிப்பு. இரண்டாவதின் நுனி கையில் தட்டுப்பட்டது, தேடவில்லை, சத்தியமாகத் தேடவில்லை, விரல் போன இடத்தில் இருந்தது. எனக்காகத்தானே வைத்தாள், மண்டிக்காரன் கை என்றுதானே மூட்டைத் தையல் போட்டாள், செங்கல்பட்டில் யாருக்குத் தெரியும் இந்த நுனி, அங்கே பிளேடுதான், கிழிசல்தான், அதற்கு நானே எல்லாவற்றையும் பிரித்துவிட்டால் என்ன, எல்லாச் சத்தத்தையும் நானே கேட்டுவிட்டால், கீழே வேண்டுமானால் மடித்து எவனாவது டெய்லரிடம் மெஷினில் அடித்துக்கொள்ளட்டும். இழுத்தேன். சர். ஒரு கை அகலத்துக்கு ஓடியது. அப்போதுதான் உறைத்தது, இது இந்த வருஷத்து மடிப்பு இல்லை, அடுத்த வருஷத்துது. கனி இன்னும் போய்ச் சேராத ஒரு வருஷத்தை, அவளுக்கென்று அவள் அம்மா கட்டிவைத்ததை, நான் இங்கே உட்கார்ந்து பிரித்துத் தின்றுகொண்டிருக்கிறேன். நூலை விட்டேன். விட்டால் திரும்பிப் போய்விடுமா. மடிப்பின் வாய் திறந்து தொங்குகிறது, எனக்குப் பிரிக்கத்தான் தெரியும், தைக்கத் தெரியாது, மண்டியில் தைக்கிறது மெஷின். இரண்டு கையாலும் மடிப்பை மூடிப் பிடித்துக்கொண்டேன், பிடித்துக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும் என்பதைப்போல, அப்படியே சரளா வந்து நின்றார், தோளில் ஈரத் துண்டு, கையில் சீப்பு. "ஆச்சா தம்பி? அவுரு ஆட்டோ கூட்டிக்கினு வந்துடுவாரு." நான் கையை எடுக்கவில்லை. "இன்னா மறைக்கறீங்க?" எடுத்தேன். பார்த்தார். கீழே கிடந்த நெளிநூலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். அலமாரிக்குப் போய் அக்காவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஊசி எடுத்தார். அந்த டப்பாவை அவர் தொட்டு இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். சரளா உட்கார்ந்து, பாவாடையைத் தன் மடிக்கு இழுத்து, திறந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு இந்தத் தையல் தெரியாது. எங்கூட்ல நேர்த்தையல்தான்." பிறகு, "ஓட்ட இருக்குது பாருங்க." பட்டில் ஊசி போன இடம் மூடிக்கொள்வதில்லை போலிருக்கிறது, அக்காவின் ஊசி போன துளை ஒவ்வொன்றும் அப்படியே இருந்தது, வரிசையாக, ஆஸ்பத்திரியில் கை நடுங்கிய இடத்தில் கொஞ்சம் கோணிக்கொண்டு. "அதுலயே போறேன்" என்றார். தொங்கிய நூலையே ஊசியில் கோத்து முதல் துளையில் விட்டார், வளையத்துக்குள் வாங்கினார், அடுத்த துளை. கோணிய இடத்தில் அவர் ஊசியும் கோணியது. நேராக்க நினைத்திருந்தால் ஆக்கியிருக்கலாம். "இது எந்தப் பக்கம் இழுக்கணும்?" தலை நிமிராமல் கேட்டார். சொன்னேன். இந்தப் பக்கம் இழுத்தா இறுகிக்கும், அந்தப் பக்கம் இழுத்தா ஓடிடும், நுனிய விட்டுடணும். "நுனிய விட்டுட்டேன்" என்றார். சுருக்கு போட்டு உள்ளே தள்ளினார். "மேல இருக்கறத எப்பப் பிரிக்கணும்?" அவ வளந்தா, என்றேன். அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்குள், அவள் வளர்ந்தாளா என்பதை இனி எனக்கு யாராவது போனில்தான் சொல்ல வேண்டும் என்பதும், அந்த சர்ரென்ற சத்தம் இன்னொரு ஊரில், இன்னொரு காதுக்கு என்பதும் சேர்ந்தே வந்துவிட்டது. "நான் பிரிக்கறப்ப வர்றீங்களா?" என்று கேட்டார் சரளா. விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இல்லை. தெரியாத இடத்துக்குப் போகிறவர் துணைக்குக் கூப்பிடுகிற மாதிரி. வர்றேன்க்கா, என்றேன். சொன்னது அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை, சரி என்று ஊசியைத் துணியில் துடைத்து டப்பாவில் போட்டார்.

கனி வந்தாள், ஈரத்தலை, ஒரு பக்கம் மட்டும் பின்னியிருந்தது. பாவாடையைக் காலில் மாட்டி மேலே இழுத்து நாடாவைக் கட்டினார் சரளா. நாங்கள் இரண்டு பேரும் கீழே பார்த்தோம். பாவாடை தரையில் இழுபட்டது. கணுக்காலைத் தாண்டி, பாதத்தைத் தாண்டி, விரல்கள் மூடிப்போய், மூன்று விரற்கடை துணி சிமெண்டில் கிடந்தது. தப்பாகப் பிரித்துவிட்டேனா என்று குனிந்து பார்த்தேன், இல்லை, ஒரே மடிப்புதான், இந்த வருஷத்துதான். அக்கா அளவில் தப்புகிறவள் இல்லை. டேப் வைக்காமலே தெருப்பிள்ளைகளைப் பார்த்து அடுத்த வருஷ உயரத்தைச் சொல்லிவிடுகிறவள், ஒருநாளும் ஒரு விரல் தப்பியதில்லை. பெற்றவளுக்குத் தப்புமா. இந்நேரம் இவ்வளவு வளர்ந்திருப்பாள் என்றுதான் தைத்திருக்கிறாள், தன் சமையலில், தன் கையில், ராத்திரி தட்டி எழுப்பிக் கொடுக்கிற பாலில். இந்த ஒன்றரை வருஷத்தில் சரளா வருகிறவரைக்கும் இரண்டு ஆம்பிளைகள் மாறி மாறி உப்புமாவும் கடைத் தோசையும் போட்டோம். பிள்ளை ஒழுங்காகத்தான் சாப்பிட்டாள், ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. "பெருசா கீதே" என்றாள் கனி. "இடுப்புல ரெண்டு சுத்து சுத்திக் கட்டிக்கலாம்" என்றார் சரளா, "வளந்துருவ." "வேணாம்." "தடுக்கும் கனி." "வேணாம், அம்மா வெச்ச மாதிரியே இருக்கட்டும்." வாசலில் ஆட்டோ வந்து நின்றது, மாமா இறங்கி "இன்னும் தலையே பின்னலியா, ராவுகாலம் வந்துரும்" என்றார், சரளா மறு பக்கத்துப் பின்னலை அவசரமாகப் போட்டு ரிப்பனை முடிந்தார், பெட்டிகள் போயின, குடம் போயிற்று, தையல் மெஷினை மாமா ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு "இது இங்கியே இருக்கட்டும் வேடி" என்றார். கனி கடைசியாகப் போனாள். குனிந்து, இரண்டு கையாலும் பாவாடையின் முன்பக்கத்தைக் கொத்தாக அள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டாள், பெரிய பொம்பிளைகள் படியிறங்குகிறபோது பிடிப்பார்களே, அப்படி. தன் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெட்டைப் பெண்ணுக்கு இடம் விட்டு நடக்கிறவள் மாதிரி மெதுவாக, ஒவ்வொரு படியாக, அம்மா நினைத்து வைத்திருந்த உயரத்துக்குள் தடுக்காமல் நடந்து போனாள்.